கன்சோல் கேள்வி-பதில்: 60 என்று சொன்னால் 60 தானா?

போன இதழில் டிவி வாங்குவது பற்றி எழுதினாலும் எழுதினேன், கேம் கன்சோல் (டிவியில் மாட்டிக் கேம் விளையாடும் பெட்டி) வைத்திருப்பவர்கள் எல்லாம் பேனாவைத் தூக்கிவிட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் கடைக்கே நேரில் வந்து கேட்டவர்களும் உண்டு. விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சொல்கிறார்களே, அதை நம்பலாமா என்பதுதான் பெரும்பாலானவர்களின் சந்தேகம். ஃபிரேம் என்றால் கன்சோல் வரைந்து முடித்த ஒரு முழுப் படம். எஃப்பிஎஸ் என்றால் விநாடிக்கு அப்படி எத்தனை படம் என்ற கணக்கு. இதற்கு மேல் முன்னுரை வேண்டாம்.

கல்லூரி மாணவர், செந்தூல்

கேள்வி: அண்ணே, என் பிஎஸ்5 கன்சோலில் ஒரு கேமுக்கு 60 எஃப்பிஎஸ் என்று போட்டிருக்கிறார்கள். என் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் இருப்பதுபோல் மூலையில் எண் காட்டும் வசதியும் இல்லை. யூடியூபில் சிலர் கோடு கோடாக வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

பதில்: அவர்களுக்கும் கன்சோல் எதையும் சொல்வதில்லை தம்பி. வெளியே வரும் படத்தைப் பிடித்து வைத்து எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

சாதாரண அமைப்பில் உங்கள் எச்டிஎம்ஐ வயரில் விநாடிக்கு 60 படம் போய்க்கொண்டே இருக்கும். கேம் 60 வரைந்தாலும் 30 வரைந்தாலும் வயரில் போவது 60தான். அடுத்த படம் தயாராகாவிட்டால் கன்சோல் பழைய படத்தையே இன்னொரு முறை அனுப்பிவிடும். ஆகவே அந்த 60-இல் எத்தனை புதுசு, எத்தனை பழசு என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கேப்சர் கார்டை மாட்டி வீடியோவாகப் பதிவு செய்வார்கள். பிறகு ஒரு மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தோடு ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது பழசு. பிரிட்டனின் டிஜிட்டல் ஃபவுண்டரி குழுவினர்தான் இந்த முறையை ஊரறியச் செய்தவர்கள். டிஆர்டிராப் என்று இலவச மென்பொருள்கூட இருக்கிறது.

கேட்பதற்குச் சுலபம். செய்யும்போதுதான் சிக்கல் தெரியும். ஆள் அசையாமல் சுவரைப் பார்த்து நின்றால் கேம் 60 வரைந்தாலும் எல்லாப் படமும் ஒன்றுபோலவே இருக்கும். மென்பொருள் அதைப் பழசு என்று எண்ணி, எஃப்பிஎஸ் விழுந்ததாகச் சொல்லிவிடும். மெனு, கறுப்புத் திரை எல்லாம் இப்படித்தான் ஏமாற்றும். சில கேம்களில் பாதிப் படம் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் உள்ளே நுழைந்துவிடும். மேல் பாதி ஒரு காட்சி, கீழ் பாதி வேறு காட்சி, நடுவில் கிழிந்த மாதிரி ஒரு கோடு. அதற்குப் படத்தை வரி வரியாக ஒப்பிட வேண்டும்.

அப்புறம், பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் யுஎஸ்பி கேப்சர் குச்சியை வாங்கிவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள். அட்டையில் 4கே 60 (2160 வரி கொண்ட படம், விநாடிக்கு 60) என்று பெரிதாக இருக்கும். அது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. பழைய யுஎஸ்பி 2.0 வகையில் பல, கம்ப்யூட்டருக்கு 1080பி (1080 வரி) படத்தை விநாடிக்கு 30 தான் கொடுக்கும், அதையும் நசுக்கிக் கொடுக்கும். 60-ஐ எண்ண வந்தவருக்கு 30 கொடுக்கும் கருவி எதற்கு? நல்ல கார்டு வைத்திருந்தால், பதிவுக்கு முன் பிஎஸ்5 செட்டிங்ஸில் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பதிவாவது வெறும் கறுப்புத் திரைதான். வேலை முடிந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள், படம் பார்க்கும் செயலிகள் சில அது இல்லாமல் ஓடாது.

பள்ளி ஆசிரியர், பட்டர்வொர்த்

கேள்வி: கேப்சர் கார்டு, மென்பொருள் எதுவும் இல்லாமல் வீட்டிலேயே அளக்க வழி உண்டா? கன்சோலில் உள்ள பதிவுப் பொத்தானை நம்பலாமா?

பதில்: வழி உண்டு சார், உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் போன் இருந்தால் போதும்.

முதலில் டிவியைக் கேம் மோடுக்கு மாற்றுங்கள். படத்தை வழவழப்பாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது இரண்டு படங்களுக்கு நடுவில் தானாக ஒன்றை வரைந்து செருகும். நீங்கள் கேமை அளக்காமல் டிவியின் கைவேலையை அளந்துகொண்டிருப்பீர்கள். போனை மைலோ டப்பா மேல் சாய்த்து அசையாமல் வையுங்கள். கேமில் ஆளை நிறுத்திவிட்டு வலது ஸ்டிக்கை மெல்லத் தள்ளி, காட்சியை ஒரே சீராகச் சுற்றவிடுங்கள். விளக்குக் கம்பம் மாதிரி நேரான ஏதாவது ஒன்று திரையின் குறுக்கே நகர வேண்டும். சில விநாடி எடுத்தால் போதும்.

இப்போது அந்த வீடியோவைப் போனில் ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். 240-ஐ 60-ஆல் வகுத்தால் 4. கேம் ஒழுங்காக 60-இல் ஓடினால், கம்பம் நாலு படத்துக்கு ஒருமுறை இடம் மாறும். 30-இல் ஓடினால் எட்டுப் படத்துக்கு ஒருமுறை. ஒரு தாளில் 4, 4, 4, 8, 4 என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நடுவில் வந்த அந்த 8தான் உங்கள் கண்ணை உறுத்திய இடம். டிவி மேலிருந்து கீழாகப் படத்தை மாற்றும், அதனால் கம்பத்தின் ஒரே உயரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஒரு படம் முன்னே பின்னே போனால் கவலை வேண்டாம்.

ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு எடுப்பது நல்லது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்லோ மோஷனில் அறையே கண் சிமிட்டும்.

பதிவுப் பொத்தானா? நிண்டெண்டோவின் முதல் ஸ்விட்ச் கன்சோல் பதிவு செய்யும் கிளிப் 720பி, விநாடிக்கு 30 படம். 60-இல் ஓடும் கேமும் அதில் 30 ஆகத்தான் விழும். பிஎஸ்5 பதிவு 60 வரை போகும், ஆகவே விநாடிக்கு 120 படம் ஓடும் மோடை அதில் அளக்க முடியாது.

கணக்காளர், ஜெலுத்தோங்

கேள்வி: ஒரு கேம் சராசரி 58 எஃப்பிஎஸ் கொடுக்கிறது என்று விமர்சனத்தில் படித்தேன். 60-க்கும் 58-க்கும் நூற்றுக்கு மூன்றுதான் வித்தியாசம். எதற்கு இத்தனை புலம்பல்?

பதில்: கணக்காளருக்கு நான் கணக்கு சொல்லித் தருவதா! இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

10 விநாடிக்கு வயரில் 600 படம் போகிறது. சராசரி 58 என்றால் அதில் 580 புதுசு, 20 பழசு. அந்த 20 எங்கே விழுந்தது என்று சராசரி சொல்வதில்லை. 10 விநாடியிலும் சிதறி, இருபது படங்கள் மட்டும் 16.7 மில்லி விநாடிக்குப் பதில் 33.3 மில்லி விநாடி நின்றிருக்கலாம். கூர்ந்து பார்ப்பவருக்கு லேசான நடுக்கம் தெரியும், மற்றவர் விளையாடிவிட்டுப் போவார். அல்லது 579 படமும் பிசகாமல் வந்து, ஒரே ஒரு படம் மொத்தம் 21 முறை போயிருக்கலாம். 21-ஐ 16.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 350 மில்லி விநாடி. ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குத் திரை உறைந்து நிற்கிறது. வளைவில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் சுவரில்தான் போய் நிற்பீர்கள். இரண்டுக்கும் சராசரி அதே 58.

அதனால் விமர்சனத்தில் எஃப்பிஎஸ் வரைபடத்தை விட, அதன் கீழே இருக்கும் இன்னொரு வரைபடத்தைப் பாருங்கள். ஃபிரேம் டைம் என்பார்கள்; ஒவ்வொரு படமும் திரையில் எத்தனை மில்லி விநாடி நின்றது என்று காட்டும். கோடு தட்டையாக இருந்தால் நல்லது. ஊசி மாதிரி எழும்பினால் அங்கே தடங்கல்.

சராசரி ஒழுங்காக இருந்தும் ஆட்டம் ஒழுங்காக இல்லாத கூத்தும் உண்டு. 2015-இல் வந்த பிளட்போர்ன் 30 எஃப்பிஎஸ் கேம். ஒவ்வொரு படமும் 33.3 மில்லி விநாடி நிற்க வேண்டும். ஆனால் ஒன்று 16.7, அடுத்தது 50 என்று மாறி மாறி வரும் இடங்கள் அதில் நிறைய. கூட்டிப் பார்த்தால் 30 கிடைக்கும், கண்ணுக்கு அது 30 அல்ல. தைப்பூசத்தில் உருமி அடிப்பவர் நிமிடத்துக்கு அடிக்க வேண்டிய அடியை எல்லாம் அடித்துவிட்டு இடைவெளியை மட்டும் முன்னே பின்னே விட்டால், காவடி எடுப்பவரின் கால் என்ன ஆகும்? என்னைக் கேட்டால், பிசகாத 30 ஆடி ஆடி வரும் 45-ஐ விட எவ்வளவோ மேல். இதை ஒத்துக்கொள்ளாத இளைஞர்கள் என் கடையிலேயே இருக்கிறார்கள்.

இரண்டு பையன்களின் தாய், காஜாங்

கேள்வி: ஐயா, பிள்ளைகள் புது டிவி கேட்டு உயிரை எடுக்கிறார்கள். 120 வேண்டுமாம். இப்போது இருக்கும் டிவியின் பெட்டியிலேயே மோஷன் 120 என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

பதில்: அது வேறு 120, அம்மா. மோஷன் என்ற பெயரோடு வரும் எண் பெரும்பாலும் கம்பெனி வைத்துக்கொண்ட எண். உள்ளே இருக்கும் திரை 60 ஹெர்ட்ஸாகவே, அதாவது விநாடிக்கு 60 முறை மட்டும் படம் மாற்றுவதாகவே, இருக்கலாம். பெரியவனிடம் சொல்லி பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், ஸ்க்ரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் என்று போகச் சொல்லுங்கள். இணைத்திருக்கும் டிவி எதையெல்லாம் ஏற்கும் என்ற விவரம் அங்கே கிடைக்கும். 120 ஹெர்ட்ஸ் அங்கே காணோம் என்றால், வயரை டிவியின் வேறு எச்டிஎம்ஐ துளையில் மாட்டி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சில டிவிகளில் ஒன்றிரண்டு துளைக்கு மட்டும்தான் அந்தத் திறமை.

சரி, இல்லையென்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்ட வேண்டுமா? பையன்கள் என்ன கேம் விளையாடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 120 மோடு உள்ள கேம்கள் கொஞ்சம்தான். கால்பந்தும் சண்டை விளையாட்டும் 60-இல் ஓடுபவை, அதற்கு இந்த டிவியே தாராளம்.

பையன்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் 40 எஃப்பிஎஸ் என்று ஒரு மோடு சில கேம்களில் கிடைக்கும். 2021-இல் வந்த ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கேமில் பிற்பாடு இதைச் சேர்த்தார்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40-ஐச் சீராகப் பிரிக்க முடியாது. 120-ஐ மூன்றால் வகுத்தால் 40, ஒவ்வொரு படமும் மூன்று முறை நிற்கும். 30-க்கும் 60-க்கும் நடுவே 45 தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். நேரத்தில் பாருங்கள்: 30 என்றால் 33.3 மில்லி விநாடி, 60 என்றால் 16.7, இரண்டுக்கும் சரி நடு 25. அது 40 எஃப்பிஎஸ். படமும் அழகாக இருக்கும், கையும் இலகுவாக இருக்கும்.

இன்னொன்று விஆர்ஆர். கன்சோல் படம் முடிக்கும் வரை டிவி காத்திருந்து காட்டும் வசதி. பிஎஸ்5-க்கு 2022 ஏப்ரலில் வந்தது. 48-லிருந்து 120 வரைதான் அது வேலை செய்யும். 52, 55 என்று தள்ளாடும் கேமைக் காப்பாற்றும். 40-க்கு விழுந்ததைக் காப்பாற்றாது. பழைய டிவி கெட்டுப்போகும் நாள் வந்தால், அன்று இவை இரண்டும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஓய்வுபெற்றவர், ஏர் ஈத்தாம்

கேள்வி: தம்பி, பேரன் மதியம் விளையாடினால் கேம் மெதுவாகிறது, இரவில் நன்றாக ஓடுகிறது, எல்லாம் பினாங்கு வெயில்தான் என்கிறான். ஏர்கோன் போடச் சொல்லி நச்சரிக்கிறான். உண்மையா?

பதில்: ஏர்கோனுக்கு நல்ல காரணம் கண்டுபிடித்திருக்கிறான் ஐயா. பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சிலேயே இதை விளக்கியிருக்கிறார். சிப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அது செய்யும் வேலையின் அளவைப் பார்த்துத்தான். அறையின் சூட்டைப் பார்த்து அல்ல. குளிர் நாட்டில் ஓடும் பெட்டியும் ஏர் ஈத்தாமில் ஓடும் பெட்டியும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்காகவே அப்படி. போட்டிக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் வேகமோ மாறவே மாறாது. சூடு எல்லை மீறினால் பெட்டி எச்சரித்துவிட்டு நின்றுவிடும், மெல்ல ஓடிச் சமாளிக்காது.

ஆனால் பிஎஸ்5 கையேட்டில் 5 முதல் 35 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது. வெளியே 33 என்றால், கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கன்சோல் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பழுதுக்கு வரும் பெட்டிகளைத் திறந்தால், சாமி அறைக்குப் பக்கத்தில் இருந்தது எது என்று சொல்லிவிடலாம். காற்றாடி இறக்கையில் சாம்பிராணிப் புகை பிசுபிசுவென்று ஒட்டி, அதன்மேல் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். வேறு இடத்தில் வைத்தால் பெட்டிக்கு ஆயுள் கூடும்.

மதியம் மெதுவாவதற்குக் காரணம், அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாராவது இணையத்தில் படம் பார்ப்பதாக இருக்கலாம். அடுத்த பதிலைப் பேரனிடம் காட்டுங்கள்.

உயர்நிலைப் பள்ளி மாணவர், பூச்சோங்

கேள்வி: அங்கிள், டெக்கன் சண்டை கேமை ஆன்லைனில் ஆடினால் ஒரே லேக். 60 எஃப்பிஎஸ் என்பது பொய்யா?

பதில்: நீங்கள் எல்லாவற்றுக்கும் லேக் என்று ஒரே பெயரை வைத்துவிட்டீர்கள். பிராக்டிஸ் மோடில் தனியாக விளையாடிப் பார். அங்கே வழுக்கிக்கொண்டு ஓடி, ஆன்லைனில் மட்டும் எதிராளி இங்கிருந்து அங்கே தாவினால் அது இணையம். ரவுட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து மாட்டு. தனியாக விளையாடும்போதும் படமே தடுக்கினால் அதுதான் எஃப்பிஎஸ். படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நீ பொத்தானை அழுத்திய பிறகு ஆள் யோசித்து அடிக்கிறான் என்றால் டிவி தாமதம். கேம் மோடு போடு.

டெக்கனில் 60-ஐ விடவே மாட்டார்கள், ஏனென்றால் ஆட்டத்தின் விதியே ஃபிரேமில்தான் எழுதியிருக்கிறது. வேகமான குத்து 10 ஃபிரேம் என்றால் 167 மில்லி விநாடி. எஃப்பிஎஸ் ஆடினால் குத்தின் கணக்கே ஆடிவிடும்.

லாரி நிறுவன ஊழியர், கிள்ளான்

கேள்வி: சினிமா 24 ஃபிரேமில்தானே ஓடுகிறது? மனிதக் கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாது என்கிறார்களே?

பதில்: தெரியும். சினிமாவில் ஒவ்வொரு படத்திலும் அசைவு தேய்ந்து பதிவாகியிருக்கும், கண் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். காட்சியை வேகமாகத் திருப்பினால் தியேட்டரிலும் தடுக்கும். ஒளிப்பதிவாளர்கள் அதைத் தெரிந்துதான் மெல்லத் திருப்புவார்கள். கேமில் திருப்புவது உங்கள் கட்டைவிரல். அது யார் சொல்லையும் கேட்காது.

பேருந்து ஓட்டுநர், ரவாங்

கேள்வி: சின்ன வயதில் நான் விளையாடிய கேம்களை இப்போது பார்த்தால் பாட்டும் ஓட்டமும் வேகமாக இருக்கின்றன. எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

பதில்: வயதானது வேறு விஷயம், நீங்கள் நினைப்பது சரி. அந்தக் காலத்தில் மலேசிய டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, 50 ஹெர்ட்ஸ். ஜப்பானும் அமெரிக்காவும் 60. அங்கே 60-க்கு எழுதிய கேமை மாற்றாமல் 50 ஹெர்ட்ஸ் பெட்டிக்குக் கொண்டுவந்தால், எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 1991-இல் வந்த முதல் சோனிக் கேம் அப்படித்தான், பாட்டுக்கூட இழுத்துப் பாடும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. ஜப்பானிலிருந்து தருவித்த கன்சோலைப் பால் மட்டும் தெரிந்த டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். இன்றைக்குப் பார்ப்பது 60 ஹெர்ட்ஸ் பதிப்பு.

வரைபடக் கலைஞர், புக்கிட் மெர்தாஜம்

கேள்வி: 4கே 60 என்று விளம்பரம். ஃபிரேமை எண்ணுவது புரிந்தது. 4கே என்பது உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: உங்கள் தொழிலுக்கு ஏற்ற கேள்வி. கேமின் படம் ஒன்றை எடுத்து, லேசாகச் சரிந்திருக்கும் கூரை விளிம்பு மாதிரி ஒரு கோட்டைப் பெரிதாக்குங்கள். படிக்கட்டு போலத் தெரியும். ஒவ்வொரு படியும் கன்சோல் உண்மையில் வரைந்த ஒரு புள்ளி. திரையில் 40 புள்ளி உயரத்துக்குள் 40 படி இருந்தால் முழு 4கே. 30 படிதான் இருக்கிறது என்றால், 2160-இல் முக்கால், அதாவது 1620 வரிதான் வரைந்து, மீதியை இழுத்து நிரப்பியிருக்கிறது.

இதில் ஏமாற்று என்று கோபப்பட ஒன்றுமில்லை. 4கே படத்தில் 8.3 மில்லியன் புள்ளி, 1080பி படத்தில் 2.1 மில்லியன். 16.7 மில்லி விநாடிக்குள் முடிக்க முடியாதபோது புள்ளியைக் குறைத்து நேரத்தைக் காப்பாற்றுகிறார்கள். பல கேம்கள் சண்டை மூளும்போது குறைத்து, அடங்கியதும் கூட்டிக்கொள்ளும். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் அந்த நிரப்பும் வேலையை இயந்திரக் கற்றல் செய்கிறது. இம்மாதிரி முறைகள் விளிம்பை மழுப்பிவிடுவதால் படி எண்ணுவது நாளுக்கு நாள் கஷ்டமாகிறது. ஆனால் ஒரு கேமில் மெதுவாக இருப்பது மூளைச் சிப்பாக இருந்தால், கூட்டமும் வாகனங்களும் கணக்கிட முடியாமல் திணறினால், புள்ளியை எவ்வளவு குறைத்தாலும் எஃப்பிஎஸ் ஏறாது.

கடைப் பணியாளர், கிள்ளான்

கேள்வி: புது பிஎஸ்5 வாங்கி, என்னிடம் இருந்த பழைய ஜிடிஏ 5 தட்டைப் போட்டேன். வேகம் அப்படியே இருக்கிறது. கன்சோலில் குறையா?

பதில்: குறை இல்லை. உங்கள் தட்டு பிஎஸ்4 பதிப்பு. அந்தக் கேம் 30-இல் பூட்டப்பட்டது. எத்தனை வலுவான பெட்டியில் போட்டாலும் பூட்டு பூட்டுதான். 2022 மார்ச்சில் வந்த பிஎஸ்5 பதிப்பில்தான் 60 மோடு இருக்கிறது, அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இனிமேல் பழைய தட்டு வாங்கும்போது அட்டையின் மேல் பட்டையைப் பாருங்கள், பிஎஸ்4-ஆ பிஎஸ்5-ஆ என்று. விற்பவர் அதை முந்திக்கொண்டு சொல்ல மாட்டார்.